கோஸ்டா பிராவா: எந்தக் கடற்கரையில் இறங்குவது?

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒரு பருவம் படிக்க பார்சிலோனா செல்லும் நம் இளையர்களுக்குச் சில வாரங்களிலேயே ஒரு கேள்வி வந்துவிடும். வகுப்பு இல்லாத வார இறுதி. கையில் கொஞ்சம் யூரோ. கூட வர நான்கு நண்பர்கள். கடற்கரைக்குப் போவது என்று உடனே முடிவாகிவிடும். எந்தக் கடற்கரைக்கு என்பதில்தான் பேச்சு இழுபடும்.

கைப்பேசியில் தேடினால் படங்கள் வந்து குவியும். எல்லாவற்றிலும் அதே பச்சை கலந்த நீலத் தண்ணீர், அதே பைன் மரம், அதே பாறை. படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களில் பலர், இரண்டு பேருந்து மாறி, வெயிலில் ஒரு மணி நேரம் நடந்து, துண்டு விரிக்க இடமில்லாத ஒரு குடாவில் போய் நிற்பார்கள். நீச்சல் நன்றாகத் தெரியாதவர்கள் மூன்றாவது அடியிலேயே ஆழத்துக்குப் போய்விடும் கரையில் இறங்கிவிடுவதும் உண்டு. அது வெறும் ஏமாற்றத்தோடு முடிகிற விஷயமல்ல.

பார்சிலோனாவுக்கு வடக்கே, பிளானஸ் என்ற ஊரில் தொடங்கி பிரெஞ்சு எல்லையில் உள்ள போர்ட்பௌ வரை 200 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கடலோரம்தான் கோஸ்டா பிராவா. ‘பிராவா’ என்றால் முரட்டுத்தனமான, அடங்காத என்று பொருள். இந்தப் பெயர் பழங்காலத்தது அல்ல. ஃபெரான் அகுயோ என்ற பத்திரிகையாளர் 1908ஆம் ஆண்டு கற்றலான் மொழி நாளிதழ் ஒன்றில் எழுதியபோது பயன்படுத்திய பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

அங்கே பெயர்ப்பலகைகளில் இரண்டு கற்றலான் சொற்கள் அடிக்கடி கண்ணில் படும். ‘பிளாட்ஜா’ என்றால் கடற்கரை; பெரும்பாலும் நீண்ட மணல்வெளி. ‘காலா’ என்றால் பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிய சிறு குடா. இந்த இரண்டில் எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

ரயில் விட்டுவிட்டுப் போகும் கரை

கார் இல்லாத மாணவருக்கு எந்தக் கடற்கரை என்பதைப் பெரும்பாலும் ரயில் பாதைதான் முடிவு செய்கிறது. பார்சிலோனாவிலிருந்து மத்தாரோ வரையிலான பாதை, ஐபீரியத் தீபகற்பத்தில் போடப்பட்ட முதல் ரயில் பாதை. 1848ல் திறக்கப்பட்டது. கடலுக்கு மிக அருகே ஓடுவதால் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தால் வழியெல்லாம் அலைதான். அதே தடத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போனால் பிளானஸ். நிலையம் கடற்கரையிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கிறது. ஊர்ப் பேருந்து உண்டு.

அதற்குப் பிறகு ரயில் கடலை விட்டு விலகி, உள்நாட்டில் ஜிரோனா, ஃபிகேரஸ் நகரங்கள் வழியாகப் போகிறது. எல்லைக்குச் சற்று முன்னால், யான்சா என்ற ஊரில்தான் மறுபடி கடலைத் தொடுகிறது. நடுவில் உள்ள மிக அழகான பகுதி முழுவதற்கும் ரயில் கிடையாது. யொரெட், தொஸ்ஸா, பலமோஸ், பெகூர் என்று எங்கே போவதானாலும் பேருந்துதான். பார்சிலோனாவின் வடக்குப் பேருந்து நிலையத்திலிருந்து வண்டிகள் புறப்படுகின்றன. கோடையில் அதிகம் ஓடும். மற்ற மாதங்களில் குறைந்துவிடும்.

மிதிவண்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஜிரோனாவிலிருந்து சான் ஃபெலியு தெ கிஷோல்ஸ் துறைமுகம் வரை ஒரு காலத்தில் குறுகிய பாதை ரயில் ஓடியது. 1969ல் அது நிறுத்தப்பட்டது. அந்தத் தடம் இப்போது மிதிவண்டிப் பாதை. சுமார் 39 கிலோமீட்டர். மொத்தத்தில் கடலை நோக்கி இறக்கம். நம் ஊரின் ரயில் தடப் பாதையில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த யோசனை புதிதாக இருக்காது. பேருந்தில் போய் இறங்குவதைவிட இப்படிப் போய்ச் சேர்ந்து கடலில் விழுவது எனக்கு மேலாகத் தோன்றுகிறது.

மணலைக் கையில் எடுத்துப் பாருங்கள்

புவியியல் பாடத்தில் அலைகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது பயன்படும். கோஸ்டா பிராவாவின் தெற்கு முனையில் கருங்கல் பாறை அதிகம். தொர்தேரா ஆறும் மலையிலிருந்து கருங்கல் துகள்களையே அடித்து வருகிறது. அதனால் பிளானஸ், யொரெட் கடற்கரைகளில் மணல் பருமனாக, கற்கண்டுத் தூள் போல இருக்கும். காலில் ஒட்டாது, உதறினால் போய்விடும். சுற்றுலாப் பயணிகளுக்கு இது பிடிக்கும்.

ஆனால் பருமனான மணலுக்கு ஒரு குணம் உண்டு. அலை ஏறி வரும்போது தண்ணீர் மணல் துகள்களுக்கு இடையே வேகமாக உள்ளே இறங்கிவிடும். திரும்பிப் போகும் நீருக்கு வலு குறைந்துவிடுவதால், ஏறி வந்த மணலை அதனால் இழுத்துக்கொண்டு போக முடியாது. மணல் மேலேயே சேர்ந்து, கரை செங்குத்தாகச் சரியும். யொரெட் கடற்கரையில் இரண்டு மூன்று அடி வைத்தாலே இடுப்பளவு, இன்னும் ஓர் அடியில் கால் தரையில் எட்டாது என்ற நிலை இதனால்தான். அலை உயரும் நாளில் அது கரையோரத்திலேயே உடைந்து விழும். நிற்பவரின் காலை வாரிவிடும்.

நுண்மணல் அப்படியல்ல. இறுகிப் படிந்திருக்கும். நீர் அதற்குள் இறங்காமல் மேலேயே வழிந்து திரும்பும். போகும்போது மணலையும் கொண்டுபோகும். கரை தட்டையாகிவிடும். வடக்கே தேர், ஃப்ளுவியா ஆறுகள் கடலில் கலக்கும் பகுதிகளில் இத்தகைய கரைகள்தான். தேர் ஆற்றுக்கு அருகே உள்ள லெஸ்தார்தித் கடற்கரையில் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்கு வராது. கூட வருபவர்களில் நீச்சல் தெரியாதவர் ஒருவர் இருந்தாலும் என் பரிந்துரை லெஸ்தார்தித்தான். படத்தில் அது அவ்வளவு எடுப்பாக இருக்காது. பரவாயில்லை.

லெஸ்தார்தித்தில் நீச்சல் தெரிந்தவர்களுக்கும் வேலை இருக்கிறது. கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில் மெடெஸ் தீவுகள். ஏழு சின்னஞ்சிறு பாறைத் தீவுகள். 1983ல் அவற்றைச் சுற்றி மீன்பிடிக்கத் தடை வந்தது. ஆள் உயரத்துக்கு நெருங்கும் களவா மீன்கள் மனிதரைக் கண்டு ஒதுங்காமல் நீந்தும் இடமாக அது மாறியிருக்கிறது. முக்குளிப்பவர்களின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள்.

எந்த மணலானாலும் கொடியைப் பார்க்காமல் இறங்கக் கூடாது. பச்சை என்றால் குளிக்கலாம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. ஜெல்லிமீன் படம் போட்ட வெள்ளைக் கொடி பறந்தால் அவை கரைக்கு வந்திருக்கின்றன என்று பொருள். உயிர்காப்பாளர்கள் பொதுவாகக் கோடைப் பருவத்தில் மட்டுமே இருப்பார்கள். மார்ச் மாதத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். அவசர எண் 112.

இவற்றோடு ‘நீலக் கொடி’ என்று ஒன்றையும் விளம்பரங்களில் பார்ப்பீர்கள். அது அன்றைய கடலின் நிலையைச் சொல்லும் கொடி அல்ல. தண்ணீர்த் தரம், பாதுகாப்பு, வசதிகள் ஆகியவற்றுக்காக ஆண்டுதோறும் வழங்கப்படும் சான்று. உள்ளூர் நிர்வாகம் விண்ணப்பித்துப் பெற வேண்டும். உயிர்காப்பாளரும் கழிப்பறையும் இல்லாத ஒதுக்குப்புறக் குடாவுக்கு அது கிடைக்க வாய்ப்பில்லை. எனவே நீலக் கொடி இல்லாத இடமெல்லாம் அசுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆபத்தில் கைகொடுக்க ஆள் இல்லாமல் போகலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கரையில் பழுப்பு நிறத்தில் நாடா நாடாகக் குவிந்து கிடக்கும் இலைகளைப் பார்த்தும் முகம் சுளிக்கிறார்கள். அது குப்பையுமல்ல, பாசியுமல்ல. பொசிடோனியா என்ற கடற்புல்லின் உதிர்ந்த இலை. மத்தியத்தரைக் கடலுக்கே உரிய பூக்கும் தாவரம் அது. குளிர்காலப் புயலில் மணலை அலை அள்ளிக்கொண்டு போகாமல் அந்தக் குவியல்தான் தடுக்கிறது.

மணல் போய்விடும் என்பது அங்கே வெறும் அச்சமல்ல. 2020 ஜனவரியில் வீசிய குளோரியா புயலில் தொர்தேரா ஆற்றின் மேலிருந்த ரயில் பாலமே இடிந்து விழுந்தது. பிளானஸுக்குப் போகும் தடம் அது. கழிமுகக் கரைகள் பெருமளவு அரிக்கப்பட்டன. செந்தோசாவின் கரைகளுக்கு மணல் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டப்பட்டது என்பது நமக்குத் தெரியும். பார்சிலோனா நகருக்குள் இருக்கும் கடற்கரைகளும் பெரும்பாலும் 1992 ஒலிம்பிக்கை ஒட்டிச் செய்தவைதான். ‘இயற்கைக் கடற்கரை’ என்று நினைக்கும் இடங்களிலும் ஆற்றில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மணல் வருகிறது.

சிறு குடாக்களும் காவலர் பாதையும்

இனி படங்களில் வரும் அந்தக் குடாக்கள். யொரெட்டுக்கு அடுத்த தொஸ்ஸா தெ மாரில் தொடங்கலாம். கடலை ஒட்டிய முனையில் இடைக்கால மதிலும் கோபுரங்களும் இன்னும் நிற்கின்றன. 1950ல் ஆவா கார்ட்னர் நடித்த படம் ஒன்று இங்கே எடுக்கப்பட்ட பிறகு ஊர் வெளியுலகுக்குத் தெரிந்தது. மதிலுக்குள் அவருக்குச் சிலையும் வைத்திருக்கிறார்கள். பெரிய கடற்கரையில் கூட்டம் இருந்தால் மதிலுக்குப் பின்னால் எஸ் கொதொலார் என்ற சின்னக் குடா இருக்கிறது. அங்கும் கூட்டம் இருக்கும். ஆனால் மதில் நிழல் கிடைக்கும்.

இன்னும் வடக்கே, பலஃப்ருஜெல் நகரை ஒட்டி கலெய்யா, யாஃப்ராங்க், தமரியு என்று மூன்று கடலோர ஊர்கள். மீனவர் வீடுகள், வெள்ளைச் சுவர்கள், அடுத்தடுத்த குடாக்கள். கலெய்யாவில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலைத் தொடக்கத்தில் ‘ஹபனேரா’ பாடல்களின் இரவு நடக்கும். கியூபாவுக்குக் கப்பலேறிப் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த இசை அது. கடல் தாண்டிப் பிழைக்கப் போனவர்களின் பாட்டு என்றால் நம்மவர்களுக்குத் தனியாக விளக்கம் தேவையில்லை. ஆனால் அந்த இரவில் அங்கே தங்க இடம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

கலெய்யாவிலிருந்து யாஃப்ராங்க்குக்குக் கடலோரமாகவே அரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். பாறையைக் குடைந்த படிகள், சில இடங்களில் கைப்பிடி, கீழே கடல். இந்தப் பாதைக்கு ‘கமி தெ ரோந்தா’ என்று பெயர், ரோந்துப் பாதை. கடத்தல்காரர்களைப் பிடிக்கக் காவலர்கள் சுற்றி வந்த பாதை இது. நம் பேச்சில் உள்ள ‘ரோந்து’ என்ற சொல்லையும் இந்த ‘ரோந்தா’வையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கோஸ்டா பிராவா முழுக்க இந்தப் பாதை விட்டு விட்டு நீள்கிறது.

பெகூரைச் சுற்றியுள்ள ஐகுவாபிளாவா, சா தூனா குடாக்கள்தான் படங்களில் அதிகம் வருபவை. தண்ணீர் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது, படத்தில் நிறம் கூட்டவில்லை. ஆனால் இடம் மிகச் சிறியது. ஆகஸ்டில் காலை பத்து மணிக்குமேல் போனால் கார் நிறுத்துமிடம் தேடியே பொழுது போகும். மேலும், இந்தக் கடலோரம் கிழக்கைப் பார்த்தது. சூரியன் கடலிலிருந்து எழும். மறைவது மலைக்குப் பின்னால். உயரமான பாறைக்குக் கீழே இருக்கும் குடாவில் மாலைக்கு முன்பே நிழல் விழுந்துவிடும். அந்தி வெளிச்சத்தில் படம் எடுக்கலாம் என்று போகிறவர்கள் குளிரில் நடுங்கித் திரும்புவார்கள். அலாரம் வைத்துச் சூரிய உதயத்துக்குப் போங்கள். கூட்டமும் இருக்காது.

வாக்குப் போட்டுக் காப்பாற்றிய கடற்கரை

ஒரே ஒரு கடற்கரைக்கு மட்டும் போகலாம் என்றால் எதைச் சொல்வேன் என்று கேட்டால், பலமோஸ் நகரை அடுத்த காஸ்தெல் கடற்கரை. அது மிக அழகானது என்பதால் மட்டுமல்ல. ஏன் இன்னும் அப்படியே இருக்கிறது என்பதால்.

முன்கதை சற்று நீளமானது. 1950களின் கடைசியில் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் அரசாங்கம் அந்நியச் செலாவணி இல்லாமல் தவித்தது. 1959ல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார்கள். பெசேத்தா நாணயத்தின் மதிப்பைக் குறைத்தார்கள். வடக்கு ஐரோப்பியர்களுக்கு ஸ்பெயின் மலிவான வெயில் தேசமாகிவிட்டது. வாடகை விமானங்கள் வந்தன. மீன்பிடி ஊராக இருந்த யொரெட்டில் ஹோட்டல்கள் வரிசையாக எழுந்தன. பிளாட்ஜா தாரோவில் இரண்டு கிலோமீட்டர் மணல்வெளிக்குப் பின்னால் அடுக்குமாடிகள் சுவர்போல நின்றன. அந்தப் பணத்தில் பல குடும்பங்கள் வறுமையிலிருந்து எழுந்தன என்பதையும் சொல்ல வேண்டும். யொரெட்டைக் கேலி செய்வது எளிது. இன்றும் குறைந்த செலவில் தங்க, இரவில் ஆட, ஐரோப்பாவின் மாணவர் கூட்டம் போவது அங்கேதான்.

எப்படியோ காஸ்தெல் அந்த அலையிலிருந்து தப்பியிருந்தது. பின்னால் வயலும் பைன் காடும், ஒரு முனையில் கிறிஸ்துவுக்கு முந்தைய ஐபீரியர் குடியிருப்பின் சிதைவுகள். அங்கே வீடுகளும் கோல்ஃப் திடலும் கட்டும் திட்டம் வந்தபோது ஊர் இரண்டுபட்டது. வேலை வரும் என்றார்கள் ஒரு பக்கம். கடைசியாக எஞ்சியதும் போய்விடும் என்றார்கள் மறுபக்கம். 1994ல் பலமோஸ் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். கட்ட வேண்டாம் என்பதே பெரும்பான்மை முடிவு. இன்று அங்கே கடலைப் பார்த்து நின்றால் பின்னால் ஒரு கட்டடச் சுவர்கூட எழவில்லை. கோஸ்டா பிராவாவில் இந்த அளவு நீளமான, கட்டடமில்லாத கடற்கரை அரிது.

போகும் வழியும் நன்றாக இருக்கும். பலமோஸில் இறங்கி, லா ஃபோஸ்கா கடற்கரைக்கு நடந்து, அங்கிருந்து ரோந்துப் பாதையில் ஏறினால் இடிந்த கோட்டை ஒன்றைக் கடந்து சல்கேர் என்ற குடா வரும். கதவுக்குக் கதவு ஒரு வண்ணம் பூசிய பழைய மீனவர் குடிசைகள் வரிசையாக நிற்கும். அடுத்த மேட்டில் ஏறி இறங்கினால் காஸ்தெல். குடிநீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோவது நல்லது.

இங்கே இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்பெயினின் 1988 கடலோரச் சட்டப்படி எந்தக் கடற்கரையும் தனியாருக்குச் சொந்தமாக முடியாது. அது பொதுச் சொத்து. கடலோரமாக ஆறு மீட்டர் அகலத்துக்கு மக்கள் நடந்துபோக வழி விட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. மேலே மாளிகை இருந்தாலும் கீழே இருக்கும் குடாவில் நீங்கள் துண்டு விரிக்கலாம். காசு கொடுத்தால்தான் உட்கார முடியும் என்பது சாய்வு நாற்காலிக்கு மட்டும்.

காற்றைக் கேட்டுப் போங்கள்

பெகூரைத் தாண்டினால் பாறைகள் பின்வாங்கி, நிலம் தட்டையாகும். பால்ஸ் என்ற ஊரைச் சுற்றி நெல் வயல்கள். ஸ்பெயினில் கடற்கரைக்குப் போகும் வழியில் நாற்று நட்ட வயலைப் பார்ப்போம் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டோம். பால்ஸின் நீண்ட மணல்வெளியில் 1959 முதல் 2001 வரை அமெரிக்கப் பணத்தில் இயங்கிய ‘ரேடியோ லிபர்ட்டி’யின் ஒலிபரப்புக் கோபுரங்கள் நின்றன. கடலுக்கு மேலாகச் சோவியத் யூனியனை நோக்கிய ஒலிபரப்பு. 2006ல் கோபுரங்களைத் தகர்த்துவிட்டார்கள். பனிப்போரைப் பாடமாகப் படிப்பவர்கள் அந்த மணலில் ஒரு நிமிடம் நிற்கலாம்.

அதற்கும் வடக்கே ரோசஸ் வளைகுடா. இங்கே மணலைவிடக் காற்றுதான் முக்கியம். ‘த்ரமுந்தானா’ என்ற வடகாற்று மலைகளைத் தாண்டி இறங்கும்போது மணிக்கு 100 கிலோமீட்டரைக் கடப்பதுண்டு. நாள்கணக்கில் வீசும். கொஞ்சம் கிறுக்குத்தனமாக நடப்பவரைப் பார்த்து ‘த்ரமுந்தானா தொட்டவர்’ என்று அங்கே சொல்வார்கள். அந்த நாளில் மணலில் படுத்தால் உடம்பெல்லாம் ஊசி குத்துவது போலிருக்கும். வானம் மட்டும் துடைத்துவிட்டாற்போலப் பளிச்சென்று நீலமாக இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும்போது தண்ணீர் அமைதியாகத் தெரியும். ஊதிய மிதவையில் படுத்திருப்பவர் திரும்பிப் பார்ப்பதற்குள் கரை தூரமாகிவிடும்.

அதே காற்றுக்காகவே சான் பேரே பெஸ்கதோருக்கு வருபவர்களும் இருக்கிறார்கள். பாய்மரப் பலகை, காற்றாடிப் பலகை பழக ஏற்ற நீண்ட கடற்கரை அது. அருகில் உள்ள சதுப்புநிலத்தில் படகுத்துறையோடு கூடிய குடியிருப்புகள் கட்டும் திட்டம் இருந்தது. 1970களில் தொடங்கிய மக்கள் எதிர்ப்பால் அது நின்று, 1983ல் அந்த இடம் பாதுகாக்கப்பட்டது. வசந்த காலத்தில் கடற்கரையின் சில பகுதிகளைக் கயிறு கட்டி அடைத்துவிடுவார்கள். உப்புக்கொத்தி என்ற சிறு பறவை வெறும் மணலிலேயே முட்டையிடும். மணல் நிறத்திலேயே இருக்கும் அந்த முட்டை மிதித்த பிறகுதான் தெரியும்.

வளைகுடாவின் தென்கோடியில் எம்பூரியஸ். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் கிரேக்க வணிகர்கள் அமைத்த ஊர், கி.மு. 218ல் ரோமானியப் படை ஐபீரியாவில் முதன்முதலாக இறங்கியதும் இங்கேதான். சிதைவுகளுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு நடைபாதை மட்டுமே. கிரேக்கர்கள் கட்டிய அலைத்தடுப்பின் கற்கள் இன்னும் மணலில் நிற்கின்றன. அதன் நிழலில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். 1992ல் ஒலிம்பிக் தீபமும் கிரேக்கத்திலிருந்து கடல்வழியே இங்குதான் வந்து இறங்கியது. வரலாறு படிப்பவரும் குளிக்க வந்தவரும் சண்டையில்லாமல் ஒரே நாளில் ஒரே இடத்துக்குப் போகலாம் என்றால் எம்பூரியஸுக்கு ஈடில்லை.

கடைசி முனை

ரோசஸுக்கு அப்பால் மலையில் வளைந்து வளைந்து ஏறும் சாலை கடகேஸில் முடியும். ஓவியர் சல்வதோர் தாலியின் வீடு பக்கத்துக் குடாவான போர்ட்யிகாத்தில் அருங்காட்சியகமாக இருக்கிறது. சிறு குழுக்களாகத்தான் உள்ளே விடுவார்கள். முன்பதிவு இல்லாமல் போனால் வெளியிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கடகேஸின் கரைகள் கறுத்த கூழாங்கற்கள். மணலில் படுக்க வேண்டும் என்பவர்கள் இவ்வளவு தூரம் வர வேண்டாம். முகமூடி போட்டு நீருக்கடியில் பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். பாறைக் கடலில் தண்ணீர் கலங்காது.

அங்கிருந்து கேப் தெ க்ரேயுஸ் முனை. ஐபீரிய நிலப்பரப்பின் கிழக்கு எல்லை. இங்கே 1960களின் தொடக்கத்தில் ‘கிளப் மெட்’ விடுமுறைக் கிராமம் ஒன்று கட்டப்பட்டது. 1998ல் முனை இயற்கைப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பிறகு கிராமம் மூடப்பட, 2009, 2010ஆம் ஆண்டுகளில் கட்டடங்களைப் பிரித்து எடுத்துவிட்டார்கள். இடித்துத் தள்ளிவிட்டுப் போகவில்லை; படிந்திருந்த மண்ணையும் அயல்நாட்டுச் செடிகளையும் அகற்றி, பாறை பழையபடி வெளியே தெரியும்வரை வேலை செய்தார்கள். இப்போது அந்தப் பாதையில் நடப்பவருக்கு விடுமுறைக் கிராமம் இருந்ததே தெரியாது. பலமோஸில் கட்டாமல் காத்தார்கள். இங்கே கட்டியதைக் கழற்றினார்கள். எது செலவு குறைந்தது என்பதைப் பொருளியல் மாணவர்கள் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ரயில் மறுபடி கடலுக்கு வந்து முடியும் போர்ட்பௌவில் குளிப்பதற்காக யாரும் இறங்குவதில்லை. 1940ல் நாஜிகளிடமிருந்து தப்பி மலையைக் கடந்து வந்த சிந்தனையாளர் வால்ட்டர் பென்யமின் உயிர் நீத்த ஊர் அது. கல்லறைத் தோட்டத்துக்கு அருகே இரும்புச் சுவர்களுக்கு நடுவே கடலை நோக்கி இறங்கும் படிக்கட்டாக அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. கீழே கூழாங்கல் கரையில் ஊர்ப் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருப்பார்கள்.

எந்த மாதம்?

இது நம் மாணவர்கள் பெரும்பாலும் மறந்துவிடும் கேள்வி. ஜனவரியில் தொடங்கும் பருவத்துக்குப் போகிறவர்கள் பிப்ரவரியில் வெயிலைப் பார்த்துவிட்டு நீச்சலுடையோடு கிளம்புவார்கள். அப்போது கடல் நீரின் வெப்பம் 13 டிகிரி அளவில் இருக்கும். ஆகஸ்டில் அது 24, 25 டிகிரியைத் தொடும். ஈஸ்ட் கோஸ்ட் கடலில் பழகியவருக்கு அதுவே சற்றுக் குளிர். குளிர்ந்த நீரில் திடீரென்று குதித்தால் மூச்சு திணறும். நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் இதே கதிதான். பாறையிலிருந்து குதிப்பது எந்த மாதத்திலும் வேண்டாம். தெளிந்த நீரில் ஆழம் கண்ணை ஏமாற்றும்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ரோந்துப் பாதையில் நடப்பதற்கான காலம். ஜூன் நடுவிலிருந்து குளிக்கலாம். தேர்வுகள் முடிந்திருக்கும், ஆகஸ்ட் கூட்டம் வந்திருக்காது, ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருக்கும். செப்டம்பரில் தொடங்கும் பருவத்துக்குப் போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கோடை முழுக்கச் சூடேறிய கடல் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். விடுமுறைக் குடும்பங்கள் வீடு திரும்பியிருக்கும். ஆனால் கோடைக் கால அட்டவணை முடிந்ததும் பேருந்துகள் குறையும். காஸ்தெலில் துண்டை விரிப்பதற்கு முன்பே, பலமோஸிலிருந்து பார்சிலோனாவுக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று நிறுத்தத்தில் பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.